கொடுக்க வருபவர்களின் வாசல்

ஹூவினகட்டே சமஸ்தானத்து இளவரசருக்குக் கல்யாணம் என்று செய்தி வந்தபோதுதான், அப்படி ஒரு சமஸ்தானம் இருந்தது என்ற செய்தியும் மைசூருக்கு வந்து சேர்ந்தது. ஊரிலுள்ள பெரிய அரண்மனைக்கும் இவர்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எங்கோ மலைநாட்டுப் பக்கம் பதினோரு கிராமங்களையும் ஓர் ஏரியையும் ஆண்டவர்கள். கிராமங்கள் சட்டத்தில் போயின. ஏரி வீட்டுமனைகளாகப் போயிற்று. மைசூரில் மாளிகை ரோட்டில் ஒரு மாளிகை மட்டும் மிஞ்சியது. அதிலும் முன்பாதி ஹோட்டல். இளவரசர் லண்டனில் நாய்களுக்குச் சத்துணவு விற்கும் கம்பெனி ஒன்றை நடத்திவந்தார்.

இதை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் 'நகாரி 24' செய்திச் சேனலுக்கு நாள் முழுவதும் ஓட்டியாக வேண்டும். அவர்கள் இளவரசர் எந்தக் கையால் தாலி எடுப்பார் என்று நான்கு நிபுணர்களை உட்கார வைத்து விவாதித்தார்கள். இளவரசரின் குதிரை என்ன சாப்பிடுகிறது என்று குதிரையிடமே மைக்கை நீட்டினார்கள். நான்கு நிபுணர்களில் முதன்மையானவர் வரலாற்று அறிஞர் மாதவ். அவர் படித்தது ஹோட்டல் நிர்வாகம். முன்னொரு காலத்தில் அந்த மாளிகை ஹோட்டலில் ஓர் இரவு தங்கியிருக்கிறார். அந்த அனுபவத்தில்தான் வரலாற்று அறிஞர் ஆனார்.

மக்கள் உருகிப் போனார்கள். ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் பேச்சே இதுதான். பம்பு தயாரிக்கும் கம்பெனியில் ஆபரேட்டராக இருக்கும் கரியப்பனின் பக்கத்து சீட்டு சித்தையன், போனில் இளவரசர் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டார்.

"நம்ம ராஜா கல்யாணம்ப்பா" என்றார்.

"நீ கொள்ளேகால்காரன். அவங்க ஊரு எங்கியோ இருக்குது. நமக்கு எப்பிடிப்பா ராஜா?" என்று கரியப்பன் கேட்டார்.

"ராஜான்னா ராஜாதான். அதுல என்ன உங்க ஊரு எங்க ஊரு?"

கரியப்பனின் தெருவில் தேவம்மா என்று ஓர் அம்மாள். அவருடைய மகன் தானே ஒரு பெண்ணைப் பார்த்து ரெஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டபோது, அவனை வாசற்படி ஏறவிடாதவர். இளவரசர் தானே பார்த்து முடிவுசெய்த பெண் என்று டிவியில் சொன்னதும், "எவ்வளவு பெரிய மனசு பாருங்க" என்று தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகையை நகாரி 24 எடுத்துப் போட்டது. அதைப் பார்த்து அடுத்த தெருவில் அழுதார்கள்.

கரியப்பனுக்கு மட்டும் அழ நேரமில்லை. காரணம், அவர் மகள் தீபாவுக்கும் அதே நாளில், அதே மாளிகை ரோட்டில் கல்யாணம்.

அவர் ஒன்றும் போட்டிக்கு வைக்கவில்லை. ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம் அது. மாப்பிள்ளை கவின்ராஜ் ஹெப்பாளில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியில் வேலை செய்பவன். சொந்த ஊர் கொள்ளேகால். கார்த்திகையிலேயே நாள் பார்த்து, மாளிகைக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு சத்திரத்தைப் பிடித்துவிட்டார்கள். இளவரசருக்கு நாள் குறித்தது அதற்கு வெகுநாள் கழித்து. ஆனால் ரோடு மூடப்போவது இளவரசருக்காக. விட்டால் அடுத்தது ஆடி. ஆடியில் யார் தாலி கட்டுவார்கள்?

விசாரிக்கப் போனார் கரியப்பன். 'ராஜவைபவ வரவேற்புக் குழு' என்ற பலகை மாட்டிய ஹோட்டல் அறையில் அதன் செயலாளர் ருத்ரேஷ் உட்கார்ந்திருந்தார். வருவாய்த் துறையில் ஓய்வுபெற்றவர். தலையில் ஜரிகைத் தலைப்பாகை, காதில் ப்ளூடூத். இருவரும் பேசியது கன்னடம். நான் தமிழில் தருகிறேன். ருத்ரேஷ் அவர்களின் கம்பீரம் கொஞ்சம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"உங்கள் மகளுக்கும் அன்றைக்கேவா? என்ன பாக்கியம் சுவாமி! எத்தனை பேருக்குக் கிடைக்கும்!" என்றார்.

"நாங்கள் முதலிலேயே குறித்துவிட்டோம் சார்."

"அதனால் என்ன, நாங்கள் கோபித்துக்கொள்ளவில்லை."

கரியப்பனுக்கு அதற்கு நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. சொல்லிவைத்தார். பிறகு, "எங்கள் ஆட்கள் சத்திரத்துக்கு வர வழி விட வேண்டும்" என்றார்.

ருத்ரேஷ் நாற்காலியில் சாய்ந்தார். "அன்றைக்கு இந்த ரோட்டுக்கு மூன்று வகை மனிதர்கள்தான் வரலாம். பார்க்க வருபவர்கள், காட்ட வருபவர்கள், கொடுக்க வருபவர்கள். பார்க்க வருபவர்களுக்கு மூங்கில் தடுப்பு. காட்ட வருபவர்கள் என்றால் மீடியா, அவர்களுக்கு மேடை. கொடுக்க வருபவர்கள் என்றால் அரண்மனைக்குக் காணிக்கை கொண்டுவரும் குடிகள். அவர்களுக்குச் சிவப்புக் கம்பளம். நீங்கள் எந்த வகை?"

"நாங்கள் கல்யாணத்துக்கு வருகிறவர்கள்."

"எந்தக் கல்யாணத்துக்கு?"

"எங்கள் கல்யாணத்துக்கு."

ருத்ரேஷ் வருத்தத்தோடு தலையாட்டினார். "அப்படி ஒரு வகை வைக்கவில்லை."

கடைசியில் அவரே இரங்கினார். முதல் நாள் மாலைக்குள் எல்லோரும் சத்திரத்துக்குள் வந்துவிட்டால் ஆட்சேபணை இல்லை. காலையில் வருகிறவர்களை மட்டும் விட முடியாது. பிறகு, கரியப்பன் எழுந்திருக்குமுன், கேட்காமலே மனம் திறந்தார்.

"ஒன்று சொல்கிறேன் கரியப்பன். ஜனநாயகம் வந்ததிலிருந்து ஜனங்களுக்குக் குனிய ஓர் இடமில்லாமல் போய்விட்டது. யாரிடம் குனிவது? எம்.எல்.ஏ.விடமா? அவரே ஓட்டுக் கேட்டு நம்மிடம் குனிகிறார், அதில் ஒரு நிறைவே இல்லை. இந்தக் குழு ஜனங்களின் முதுகுக்குச் செய்யும் சேவை." பெருமூச்சு விட்டார். "கொடுக்க வருபவர்களின் வாசலுக்குத்தான் இதுவரை ஓர் ஆள்கூட அகப்படவில்லை. கம்பளம் வாடகைக்கு எடுத்தாகிவிட்டது."

கரியப்பன் வீட்டுக்கு வந்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு முதல் நாளே வரச் சொன்னார். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூரிலிருந்தும் கொள்ளேகாலிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். ஓர் ஆளைத் தவிர. அந்த ஓர் ஆள்தான் வர வேண்டிய ஆள்.

வேலாயுதம். கரியப்பனின் மனைவி ராணிக்கு ஒரே தம்பி, தீபாவுக்கு ஒரே தாய்மாமன். ஹனூரில் மஞ்சள் போடுகிற விவசாயி. அவர்கள் வழக்கத்தில், தாய்மாமன் மேளத்தோடு சீர் கொண்டுவந்து, பெண்ணின் நெற்றியில் தன் கையால் பட்டம் கட்ட வேண்டும். பட்டம் என்பது நூலில் கோத்த மெல்லிய தங்கத் தகடு. அது ஏறாமல் பெண் மணையில் உட்கார முடியாது.

"முந்தின நாளே வந்துரு மாப்ள, ரோட்டை மூடறாங்க" என்று கரியப்பன் மன்றாடினார்.

"அதெப்படிங்க மச்சான்? மாமன் சீரு விடிஞ்சு மேளத்தோட வந்து எறங்கோணும். மொத நாளே வந்து மண்டபத்துல படுத்துக் கெடந்தா அது சீரா? சாமானுங்க அது."

"போலீசு விடமாட்டாங்கடா."

"சீரைத் தடுக்கற போலீசு இன்னும் பொறக்கலீங்க" என்று சொல்லி வேலாயுதம் போனை வைத்தார்.

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் வில்லங்கம்.

கல்யாணத்தன்று காலை, கரியப்பன் ரோட்டு முனையில் போய் நின்று மச்சினனை எப்படியாவது சந்து வழியாக அழைத்துவர நினைத்திருந்தார். ஆனால் பால் வண்டி தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டதாகச் சமையல்காரர் கூப்பிட்டார். பால்காரர் எந்த வகை என்று போலீஸ்காரருக்குத் தெரியவில்லையாம். கரியப்பன் பால் கேனைத் தடுப்புக்கு மேலாகத் தூக்கி வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ரோட்டின் மறுமுனையில் வேலாயுதத்தின் வேன் வந்து நின்றது.

அங்கே என்ன நடந்தது என்பது பிறகு தெரிந்தது. அந்த முனையில் சிவப்புக் கம்பளத்தைக் காவல் காத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் விடியற்காலையிலிருந்து நின்றிருந்தார். காகங்களைத் தவிர யாரும் அதன் மேல் நடக்கவில்லை. அப்போது பறையும் நாயனமுமாக, தலைப்பாகையும் குடையுமாக, தாம்பாளங்களைத் தூக்கிய பெண்களோடு ஒரு கூட்டம் வந்தது.

"ஏனு, என்ன?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

"கல்யாணத்துக்குச் சீரு கொண்டாந்திருக்கறனுங்க."

"கொடுக்க வந்தவங்களா?"

"ஆமாங்க, கொடுக்கத்தானுங்க."

போலீஸ்காரர் சல்யூட் அடித்தார். அரண்மனைக்குள் போன் கூடாது என்று கூட்டத்தாரின் போன்களை எல்லாம் ஒரு பையில் வாங்கி வைத்துக்கொண்டு, வாசலைத் திறந்துவிட்டார்.

வேலாயுதம் சத்திரத்தை முன்பின் பார்த்ததில்லை. மாளிகை ரோடு, வாழைமரம் கட்டியிருக்கும், மேளம் கேட்கும் என்று அக்கா சொல்லியிருந்தாள். இங்கே மாளிகையும் இருந்தது, வாழைமரமும் இருந்தது, மேளமும் கேட்டது. இரண்டு யானைகளும் இருந்தன. வேலாயுதம் யானைகளைப் பார்த்தார், சரவிளக்குகளைப் பார்த்தார், பன்னீர் தெளிக்க வரிசையாய் நின்ற பெண்களைப் பார்த்தார்.

"கம்பெனில பம்பு செஞ்சு செஞ்சு நம்ம மச்சான் புள்ளைக்கு எப்பேர்ப்பட்ட மண்டபம் புடிச்சிருக்கறாரு பாருங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். இவ்வளவு பெரிய இடத்துக்குத் தன் தாம்பாளங்கள் குறைவாகப் போயினவே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

சத்திரத்தின் கடைசியில், சாப்பாட்டு அறைக் கதவுக்கு மேல் பெரிய எல்.இ.டி. திரை ஒன்று மாட்டியிருந்தார்கள். மேடையில் நடப்பதைப் பந்திக்குக் காத்திருப்பவர்கள் பார்ப்பதற்காக. வந்தவர்கள் கேட்டுக்கொண்டபடி சத்திரத்து மேனேஜர் அதில் நகாரி 24-ஐ வைத்திருந்தார். பால் கேனோடு உள்ளே வந்த கரியப்பன், திரை முழுவதும் தன் மச்சினன் நடந்துவருவதைப் பார்த்தார்.

"ஐயோ, எந் தம்பி!" என்று அலறினாள் ராணி.

திரையில் செய்தி வாசிப்பாளர் அதைவிட உரக்க அலறிக்கொண்டிருந்தார். எல்லைப்புறத்துத் தமிழ்க் குடிகள் தங்கள் மன்னருக்கு முந்நூறு ஆண்டுகளாகக் கொண்டுவரும் காணிக்கை. நகாரி 24-இல் மட்டும் நேரலை! வரலாற்று அறிஞர் மாதவ் விளக்கத் தொடங்கினார்.

"அந்த வெல்லத்தைக் கவனியுங்கள். அச்சு அச்சாக இருக்கிறது அல்லவா? அது ஹூவினகட்டே கோட்டையின் கொத்தளத்து வடிவம். குடிகள் தங்கள் விசுவாசத்தை வெல்லத்தில் வார்த்திருக்கிறார்கள்."

"அது நம்ம ஆலைல ஊத்துன வெல்லமப்பா" என்றார் கூட்டத்தில் ஒருவர். யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. டிவியிலேயே சொல்கிறார்கள், இவர் யார்?

ருத்ரேஷ் ஓடிவந்து வேலாயுதத்துக்குச் சால்வை போர்த்தினார். தலையில் ஏற்கனவே தலைப்பாகை இருக்க, அதற்கு மேல் இன்னொரு தலைப்பாகை வைத்தார். வேலாயுதம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தெரிந்த கன்னடத்தில், "பொண்ணு எங்கே?" என்று கேட்டார்.

"இளவரசியைத் தரிசிக்கத் துடிக்கிறார்!" என்றார் வாசிப்பாளர்.

"நான் பொண்ணு நெத்தியில பட்டம் கட்டோணும். நேரமாகுது" என்று வேலாயுதம் தங்கத் தகட்டை எடுத்துக் காட்டினார்.

மாதவ் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். "நேயர்களே! குடிகளே தங்கள் அரசிக்குப் பட்டம் சூட்டுகிறார்கள்! சரித்திரத்தில் முதல் முறை! சரித்திரத்தில் எப்போதும் நடந்துவரும் முதல் முறை!"

சத்திரத்துக்குள் கைதட்டல் எழுந்தது. கைதட்டியவர்கள் பெண்வீட்டுக்காரர்கள்தான். தங்கள் ஆள் டிவியில் வந்தால் தட்டாமல் என்ன செய்வார்கள்?

கைதட்டாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் கரியப்பன். இன்னொருவர் மாப்பிள்ளையின் அம்மா பசம்மா. அவர் மெல்லக் கரியப்பனிடம் வந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, பத்தரையோட நல்ல நேரம் முடியுதுங்க. பட்டம் ஏறாத புள்ளைய எப்பிடிங்க மணையில வெக்கறது? நாஞ் சொல்லலீங்க, நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு சொல்லுங்க. ஆவணிக்குத் தள்ளிக்கலாங்களா?"

"வேற யாராச்சும் மாமன் மொறையில..." என்று கரியப்பன் இழுத்தார்.

"எந் தம்பி உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தன் கட்டறதா?" என்று ராணி சீறினாள். "அதுவும் கண்ணு முன்னால டிவியில நிக்கறப்ப!"

மணமகள் அறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு தீபா நின்றிருந்தாள். வெறும் நெற்றியோடு அப்பாவைப் பார்த்தாள். கரியப்பன் பால் கேனை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்.

மூங்கில் தடுப்பு வரைதான் ஓட முடிந்தது. அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள். எதிரே நடப்பதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கரியப்பன் தடுப்பைத் தாண்டக் காலைத் தூக்கினார். ஒரு போலீஸ்காரர் பிடித்து இறக்கினார். இன்னொரு முறை தூக்கினார். இன்னொரு முறை இறக்கினார்.

"இவர் எதற்கு இப்படித் துடிக்கிறார்?" என்று ஒரு மைக் வந்து நின்றது. மைக்குக்குப் பின்னால் ஜீவிதா, நகாரி 24-இன் நிருபர், சின்னப் பெண். கன்னடத்தில் கேட்டாள்: "மன்னரைப் பார்க்க வந்தீங்களா அங்கிள்? உங்க ஃபீலிங் சொல்லுங்க."

"அது எங்க சீரும்மா! உள்ள நிக்கறது எம் மச்சினன்! எம் புள்ள கல்யாணத்துக்குக் கொண்டாந்தது!" பதற்றத்தில் கரியப்பனுக்குத் தமிழ்தான் வந்தது.

ஜீவிதா சட்டென்று மைக்கைக் கையால் மூடினாள். "அங்கிள், நீங்க தமிழா? நானும் தமிழே. மனேல, வீட்ல மாத்ரா பேசுவோம்." கன்னடம் கலந்த அந்தத் தமிழிலேயே குரலைத் தாழ்த்தினாள். "ஆனா இதை ஏர்ல சொல்ல பேடா, வேணாம் அங்கிள். முந்நூறு வர்ஷத்து சம்ப்ரதாயான்னு காலைலேர்ந்து ஓட்டியாச்சு. ஸ்பான்சர் கூட வந்தாச்சு. இப்ப அது இல்லேன்னா நேயர்களுக்கு மனசு கஷ்டம் ஆகும் அல்லவா?"

"எம் புள்ளைக்கு மனசு கஷ்டம் ஆகாதாம்மா?"

"அவங்க நேயர் இல்லயே அங்கிள்." அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கஷ்டப்பட்டுச் சொன்னாள். "சம்ப்ரதாயத்தைப் பத்தி ஏனாவது சொல்லுங்க. அதுன்னா போடுவாங்க. உண்மைன்னா எடிட்டர் விடமாட்டார்."

ஆயுள் முழுக்க மெஷினோடு பழகியவர் கரியப்பன். ஒரு மெஷின் எதிர்த்திசையில் சுற்றாது என்றால் அதோடு மல்லுக்கட்டக் கூடாது, சுற்றுகிற திசையிலேயே இன்னும் வேகமாகச் சுற்ற விட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

"சரி, மைக்கை எடும்மா" என்றார்.

மைக் வந்தது. கரியப்பன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சுத்தமான கன்னடத்தில் ஆரம்பித்தார். "இந்தச் சம்பிரதாயம் எங்களுடையது. நீங்கள் பாதியைத்தான் காட்டுகிறீர்கள். மீதிப் பாதி இருக்கிறது. குடிகள் கொண்டுவரும் சீரை அரண்மனை வைத்துக்கொள்ளக் கூடாது. தொட்டுக் கும்பிட்டு, மேற்கொண்டு தன் சீரையும் சேர்த்து, கொண்டுவந்த மாமனை ராஜா காரில் ஏற்றி, அன்றைக்கு அதே ரோட்டில் தாலி ஏறுகிற குடியானவன் வீட்டுப் பெண்ணிடம் அனுப்ப வேண்டும். அந்தப் பெண் நெற்றியில் பட்டம் ஏறிய பிறகுதான் அரண்மனையில் தாலி. பத்தரைக்குள் நடக்க வேண்டும்."

"நடக்கவில்லை என்றால்?" ஜீவிதாவின் கண்கள் விரிந்தன.

கரியப்பன் வாயைத் திறந்தார். யார் வீட்டுக் கல்யாணமானாலும் கல்யாணம். அபசகுனமாக ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை. பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் எதைச் சொல்லியிருந்தாலும் அது இவ்வளவு வேலை செய்திருக்காது. 'சொல்ல மறுத்த மர்மம்! குனிந்த தலைக்குப் பின்னால் என்ன?' என்று சிவப்பு எழுத்துகள் ஓடின. பின்னணியில் இடி இடித்தது. வாசிப்பாளர் மாதவைக் கேட்டார். மாதவுக்கு ஒரு நொடி வியர்த்தது. அடுத்த நொடி தெளிந்தார்.

"இதைத்தான் நான் வரப்போகும் என் புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறேன். சஸ்பென்ஸ் போய்விடக் கூடாதே என்றுதான் இவ்வளவு நேரம் சொல்லவில்லை. அந்தக் குடியானவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. தவறிய தலைமுறையில் சமஸ்தானம் ஓர் ஏரியையே இழந்தது."

மாளிகைக்குள்ளும் டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இளவரசரின் தாயார் மயங்கி, எழுந்து, ருத்ரேஷைக் கூப்பிட்டார். ருத்ரேஷ் வெளியே ஓடிவந்து எல்லா மைக்குகளுக்கும் முன்னால் மூச்சிரைக்க நின்றார். "இது ஆரம்பத்திலிருந்தே எங்கள் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. குடியானவன் வீட்டுக் கல்யாணத்தை நாங்கள்தான் திட்டமிட்டு, ஆறு மாதம் முன்பே இந்த ரோட்டில் நிச்சயிக்கச் செய்தோம். அவர்கள் எங்கள் அனுமதிக்கு நன்றிகூடச் சொன்னார்கள்."

ஊர் கலங்கிப் போயிருந்தது. டிவி முன்னால் தேவம்மா ஊதுபத்தி ஏற்றினார். மைசூர் முழுவதும் ஒரு பெண்ணின் நெற்றிக்காகப் பிரார்த்தனை செய்தது. அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மூங்கில் தடுப்பைப் பிரித்து எறிந்தார்கள். சைரன் வைத்த இரண்டு ஜீப்புகள் முன்னால் வர, திறந்த பழங்காலக் கார் ஒன்றில், இரண்டு தலைப்பாகைகளோடு வேலாயுதம் வந்து இறங்கினார். பின்னாலேயே ஹனூர்த் தாம்பாளங்களும் அரண்மனைத் தாம்பாளங்களும்.

"என்னுங்க மச்சான், கடைசி நேரத்துல மண்டபத்தை மாத்திப்புட்டீங்களா? அதுவே நல்லா இருந்துச்சேங்க" என்றார் வேலாயுதம்.

கரியப்பன் மச்சினனின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்.

ராணி தம்பியைத் திட்டிக்கொண்டே ஆரத்தி எடுத்தாள். வேலாயுதம் தன் கையால் தீபாவின் நெற்றியில் பட்டம் கட்டினார். "எங்க அக்கா மவளே, நல்லா இரு கண்ணு" என்று வாழ்த்தினார். தீபா அழுதாள், சிரித்தாள். கவின்ராஜ் மணையில் வந்து உட்கார்ந்தான். பசம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். கரியப்பன் மேடையில் மணைக்குப் பக்கத்தில் கை நிறைய அட்சதையோடு நின்றார். வென்றுவிட்டோம் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

ஆனால் காரின் பின்னால் ஜீவிதாவும் அவளுடைய கேமராவும் வந்திருந்தன. சம்பிரதாயத்தின் இரண்டாம் பாதியை நகாரி 24 விட்டுவிடுமா? தீபாவின் கல்யாணம் நேரலையில் போனது.

சத்திரத்தின் கடைசியிலிருந்த திரையில் தீபாவின் முகம் தோன்றியது. "ஏய், நம்ம புள்ள! நம்ம புள்ள டிவியில!" என்று ஒரு குரல் எழுந்தது. அவ்வளவுதான். கூட்டம் முழுவதும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்தது. மேடைக்கு முதுகுகள் மட்டும் தெரிந்தன. மாமன்மார், அத்தைமார், பக்கத்து வீட்டுக்காரர்கள், சித்தையன், எல்லோருடைய முதுகும்.

கெட்டி மேளம் முழங்கியது. என்ன இப்படித் திரும்பிக்கொண்டார்கள் என்று கரியப்பன் கோபத்தோடுதான் நிமிர்ந்தார். அவர் கண்ணிலும் அந்தத் திரை பட்டது. அதில் தன் மகள் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு அழகாக இருந்தாள். டிவியில் எல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். மேளம் இங்கே முழங்க, அங்கே கவின்ராஜ் இப்போதுதான் தாலியைக் கையில் வாங்கினான். கூட்டம் அட்சதைக் கையை ஓங்கிக்கொண்டு காத்திருந்தது. கரியப்பனும் காத்திருந்தார். திரையில் கவின்ராஜ் தாலியோடு குனிந்தான். தீபா தலையைத் தாழ்த்தினாள்.

பிரஷர் குக்கர் விளம்பரம் வந்தது.

"சேச்சே!" என்றது கூட்டம். சிலர் ஓங்கிய வேகத்தில் அட்சதையைத் திரையின் மேல் எறிந்துவிட்டார்கள். அது குக்கர் மேல் விழுந்து உதிர்ந்தது.

கரியப்பன் திடுக்கிட்டுத் திரும்பினார். மணையில் மூன்று முடிச்சும் விழுந்து முடிந்திருந்தது. வேலாயுதம் ஒருவர்தான் கண்ணில் நீர் வழிய இரண்டு கையாலும் பிள்ளைகள் மேல் அட்சதை போட்டுக்கொண்டிருந்தார். காலையெல்லாம் டிவிக்குள்ளேயே இருந்த மனிதருக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

தீபா தலையை நிமிர்த்தினாள். எதிரே வரிசை வரிசையாக இருந்த முதுகுகளைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"பாத்தீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"பாத்தேன் கண்ணு."

"குக்கர் நல்லா இருந்துச்சாப்பா?"

நகாரி 24-ஐயும் ருத்ரேஷையும் மாதவையும் ஒரே மூச்சில் ஏமாற்றிய மனிதர், மகளின் முகத்துக்கு நேரே நிற்க முடியாமல் நின்றார். வலது கையை விரித்துப் பார்த்தார். வியர்வையில் நனைந்த அட்சதை உள்ளங்கையில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஒவ்வொரு அரிசியாகப் பிரித்தெடுத்து அவள் தலையில் போடத் தொடங்கினார்.